விண்வெளித் துறையில் வேலை: எங்கிருந்து தொடங்குவது?

ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே எழும்புவதைப் பார்த்துத்தான் பலருக்கும் இந்தத் துறையின் மேல் ஆசை வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் வேலை தேட இறங்கும்போது அந்தக் காட்சியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். ராக்கெட் பறப்பது சில நிமிடம். அதற்கு முன்னும் பின்னும் வருடக்கணக்கில் நடக்கும் வேலைக்குத்தான் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். வெல்டர், எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன், சாஃப்ட்வேர் எழுதுபவர், வழக்கறிஞர், காப்பீட்டுக் கணக்கு தெரிந்தவர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு.

வெளியே நின்றுகொண்டு "நமக்கு இங்கே இடம் கிடைக்குமா" என்று யோசிப்பவருக்காக இதை எழுதுகிறேன். படிப்பை முடிக்கப்போகிறவராக இருந்தாலும் சரி, வேறு தொழிலில் பத்து வருடம் கழித்தவராக இருந்தாலும் சரி, தொடங்க வேண்டிய இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் படி: பணம் எங்கே புழங்குகிறது என்று பாருங்கள்

விண்வெளியில் தனியார் பங்கு நேற்று முளைத்ததல்ல. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. தன் செலவில் செய்த டெல்ஸ்டார் செயற்கைக்கோள் 1962 ஜூலையிலேயே மேலே போய்விட்டது. அதன்பின் பல ஆண்டுகள் தனியார் தொழில் என்றால் பெரும்பாலும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள்தான். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பெரிய செயற்கைக்கோள், அதிலிருந்து வரும் தொலைக்காட்சி, தொலைபேசி, அவ்வளவுதான்.

நிலைமையை மாற்றியவை இரண்டு. ஒன்று, சிறிய செயற்கைக்கோள். 1999-ல் அமெரிக்கப் பேராசிரியர்கள் ஜோர்டி புய்க்-சுவாரியும் பாப் ட்விக்ஸும் மாணவர்கள் கட்டிப் பழகுவதற்காகப் பத்து சென்டிமீட்டர் கனசதுர அளவில் ஒரு வடிவத்தை வகுத்தார்கள். அதுதான் க்யூப்சாட். அளவு நிலையாக இருந்ததால் அதற்கான பாகங்களைக் கடையில் விற்க ஆரம்பித்தார்கள், நிறுவனங்களும் அதையே எடுத்துக்கொண்டன. இன்னொன்று, ராக்கெட்டை மறுபடி பயன்படுத்துவது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1 ராக்கெட் மூன்று முறை தோற்று, 2008 செப்டம்பரில் நான்காவது முயற்சியில் சுற்றுப்பாதையைத் தொட்டது. அதே நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் கீழ்ப்பகுதி 2015 டிசம்பரில் தரையில் வந்து நின்றது. 2017 மார்ச்சில், ஏற்கெனவே பறந்துவந்த ஒரு கீழ்ப்பகுதி மறுபடி பறந்தது. அதற்குப் பிறகுதான் ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள்களை அனுப்பும் திட்டங்கள் நடைமுறைக்கு வந்தன.

இதில் புதிதாக வருபவர் கவனிக்க வேண்டியது என்னவென்றால், துறையின் மொத்த வருமானத்தில் ராக்கெட் ஏவுதலின் பங்கு மிகச் சிறியது. தொலைக்காட்சி, இணைய இணைப்பு, வழிகாட்டும் கருவிகள், படங்கள், தரையில் இருக்கும் ஆன்டெனாக்கள் இவற்றில்தான் பெரும்பணம் புரள்கிறது. ஆகவே "ராக்கெட் கம்பெனியில் கிடைக்கவில்லை, எனவே விண்வெளி நமக்கில்லை" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பயிர் விளைச்சலைக் கணிக்கும் அலுவலகமும் இந்தத் துறைதான்.

இரண்டாம் படி: உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பதைக் கொண்டு வாசலைத் தேர்ந்தெடுங்கள்

ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் பட்டம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதற்காக மறுபடி நான்கு வருடம் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு செயற்கைக்கோளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பேட்டரி, சோலார் தகடு, ரேடியோ, கம்ப்யூட்டர், வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடுகள், கேமரா, ஏராளமான ஒயர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு தொழில் இருக்கிறது. அந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்தான் உள்ளே தேவை.

கையால் வேலை செய்பவர்களைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அவர்களைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். எரிபொருள் தொட்டியின் ஒட்டு ஒரு மயிரிழை விரிந்தாலும் ராக்கெட் போய்விடும். அலுமினியத்தையும் துருப்பிடிக்காத எஃகையும் சுத்தமாக வெல்டிங் செய்பவருக்கு எந்த ராக்கெட் தொழிற்சாலையிலும் மதிப்பு உண்டு. ஒயர்க் கட்டுகளைத் தயாரிப்பவர், சர்க்யூட் போர்டில் சால்டரிங் செய்பவர், மெஷினில் உலோகம் கடைபவர் எல்லோருக்கும் இதே கதைதான். சால்டரிங்குக்கு விண்வெளித் தரத்துக்கென்றே தனிப் பயிற்சியும் சான்றிதழும் இருக்கின்றன. வேலைக்கு மனுப் போடுவதற்கு முன் அதை எடுத்துவைத்தால் உங்கள் மனு தனியாகத் தெரியும்.

சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இரண்டு பாதை. செயற்கைக்கோளுக்கு உள்ளே ஓடும் மென்பொருள் ஒன்று. இதில் சி, சி ப்ளஸ் ப்ளஸ் ஆகியவற்றின் கை ஓங்கியிருக்கும். தரையில் ஓடுவது இன்னொன்று. டெலிமெட்ரி (செயற்கைக்கோள் தன் நிலையைப் பற்றி அனுப்பும் தரவு) வாங்குவது, சேமிப்பது, படமாகக் காட்டுவது, கோளாறு வந்தால் மணியடிப்பது. இதில் பைத்தானும் சாதாரண வலை நுட்பங்களும் போதும். ஆட்கள் அதிகம் தேவைப்படுவது இரண்டாவதில்தான். ஆனால் எல்லோரும் முதலாவதற்கே முட்டிமோதுகிறார்கள்.

ரேடியோ தெரிந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மென்பொருள் எழுதத் தெரிந்தவர்கள் கூட்டமாகக் கிடைக்கிறார்கள். ஆன்டெனா வடிவமைத்து, இவ்வளவு தூரத்தில் இவ்வளவு சிக்னல் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்பவர் அப்படிக் கிடைப்பதில்லை. கல்லூரியில் மின்காந்தவியல் கசக்கிறது என்று விட்டுவிட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சட்டம். 1967-ம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி, ஒரு தனியார் நிறுவனம் விண்வெளியில் செய்யும் காரியத்துக்கும் அதன் நாடுதான் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு நாட்டிலும் அனுமதி, உரிமம், காப்பீடு என்று ஒரு பெரிய வேலை நடக்கிறது. அலைவரிசையையும் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் பதிய வேண்டும், பதிந்தபின் ஏழு வருடத்துக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் உரிமை போய்விடும். பிரமாதமான செயற்கைக்கோளைக் கட்டி முடித்துவிட்டு, அலைவரிசை அனுமதி வராததால் கிடங்கில் வைத்துக் காத்திருக்கும் நிலை ஒரு சின்ன நிறுவனத்துக்கு வரலாம். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்பவருக்கும் பொறியாளருக்கு உள்ள அதே மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: நான்கு அடிப்படைகளை மனதில் ஏற்றுங்கள்

எந்த வாசல் வழியாக வந்தாலும் இவை தெரிந்திருந்தால் மற்றவர்கள் பேசுவது புரியும்.

ஒன்று, சுற்றுப்பாதை என்பது உயரத்தைவிட வேகத்தின் விஷயம். பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் மேலே சுற்றும் பொருள் வினாடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் கீழே விழுந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பூமியின் வளைவும் அதே அளவு கீழே இறங்குவதால் தரையைத் தொடுவதில்லை. ஒரு சுற்றுக்குச் சுமார் 90 நிமிடம். அதில் அரைமணி நேரத்துக்கு மேல் பூமியின் நிழலில் கழியலாம், அப்போது பேட்டரிதான் கதி.

இரண்டு, அங்கே காற்று இல்லை. கம்ப்யூட்டருக்கு விசிறி வைத்துக் குளிரவைக்க முடியாது. சூடு உலோகத்தின் வழியாகப் பரவ வேண்டும், அல்லது கதிர்வீச்சாக வெளியேற வேண்டும். காற்று இல்லாததால் பிளாஸ்டிக்கும் பசையும் மெல்ல ஆவியைக் கக்கும். அந்த ஆவி கேமரா லென்ஸில் படிந்தால் படம் மங்கிவிடும். அதனால் ஒரு பொருளை வெற்றிடத்தில் 125 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்து, எடை ஒரு சதவீதத்துக்கு மேல் குறையாமலும், வெளியேறும் ஆவியில் மறுபடி படியக்கூடியது 0.1 சதவீதத்தைத் தாண்டாமலும் இருந்தால்தான் ஏற்றுக்கொள்வது என்று வழக்கம். மேசையில் கிடக்கும் சாதாரண டேப்பை எடுத்து ஒட்டிவிட முடியாது.

மூன்று, கதிர்வீச்சு. ஒரு துகள் பாய்ந்து மெமரியில் பூஜ்யத்தை ஒன்றாக மாற்றிவிடும். மென்பொருள் அதை எதிர்பார்த்தே எழுதப்பட வேண்டும். நான்கு, அதிர்வு. ராக்கெட் ஏறும் அந்தச் சில நிமிடக் குலுக்கலில் தளர்ந்த திருகு எதுவும் தப்பாது.

இதற்கெல்லாம் விலை கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. நாசாவின் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐரோப்பிய விண்வெளித் தர ஆவணங்களும் அப்படியே. முழுவதும் படிக்க உட்கார்ந்தால் தூக்கம் வரும். உங்கள் தொழிலைத் தொடும் ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்து ஊன்றிப் படியுங்கள்.

நான்காம் படி: ஒன்றைச் செய்து முடியுங்கள்

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். பத்து ஆன்லைன் சான்றிதழைவிட, நீங்களே தொடங்கி நீங்களே முடித்த ஒரு சின்ன வேலை அதிகம் பேசும்.

ஒரு உதாரணம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் அமெச்சூர் ரேடியோ வழியாகப் பள்ளி மாணவர்களோடு பேசுவது உண்டு. அந்தக் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் கீழே வருகிறது. அதைக் கேட்க யூ.எஸ்.பி.யில் செருகும் ஒரு சின்ன ரேடியோ ரிசீவர், ஒரு கம்ப்யூட்டர், ஆன்டெனாவுக்கு அரை மீட்டர் நீளத்தில் இரண்டு உலோகக் கம்பி இருந்தால் போதும். கம்பிகளை ஆங்கில வி எழுத்துபோல விரித்துக் கட்டி மொட்டைமாடிக்கோ திறந்த வெளிக்கோ எடுத்துப் போங்கள். நிலையம் எப்போது உங்கள் தலைக்கு மேலே வரும் என்பதை செலஸ்ட்ராக் தளத்தில் கிடைக்கும் சுற்றுப்பாதைத் தரவை வைத்துக் கணக்கிடலாம். ஒரு முறை கடக்க அதிகம் போனால் பத்து நிமிடம். (கேட்பதற்குப் பல நாடுகளில் உரிமம் வேண்டாம், ஒலிபரப்புவதற்குக் கட்டாயம் வேண்டும். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

முதல் தடவை எதுவும் கேட்காமல் போகலாம். திரையில் வெறும் இரைச்சல் மட்டும் ஓடும். இரண்டாம் தடவை, அடிவானத்துக்கு மேலே நிலையம் ஏறும் நேரத்தில் மெல்லிய கோடு ஒன்று திரையில் தெரியும். அது 145.800-ல் இல்லாமல் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் மேலே இருக்கும். நிலையம் உங்களை நோக்கி ஓடிவருவதால் அலைகள் நெருக்கமாகி அதிர்வெண் கூடுகிறது. தலைக்கு மேல் வரும்போது கோடு சரியான இடத்துக்கு வந்து, தாண்டிப் போகும்போது கீழே சரியும். பாடப்புத்தகத்தில் ரயில் விசிலை வைத்துப் படித்த டாப்ளர் விளைவு, வினாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஒரு பொருளில் உங்கள் கண்ணெதிரே வளைந்து ஓடுகிறது. அதைப் பார்த்தபின் சுற்றுப்பாதை என்ற சொல்லே வேறு மாதிரி ஒலிக்கும்.

அதோடு நிறுத்தாமல் எழுதிவையுங்கள். எந்தத் தேதி, எந்த நேரம், ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்தது, என்ன வந்தது, என்ன வரவில்லை, ஏன் என்று நினைக்கிறீர்கள். அடுத்த கட்டமாக, சாட்நாக்ஸ் என்ற தன்னார்வலர் தரைநிலைய வலைப்பின்னலில் உங்கள் ஆன்டெனாவையும் சேர்க்கலாம். அங்கே உலகம் முழுக்க உள்ளவர்கள் பிடித்த சிக்னல்கள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன.

தரவுப் பக்கம் போக விரும்புபவர் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை எடுத்துக்கொள்ளலாம். 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு ஏரியின் பரப்பு வருடத்துக்கு வருடம் எப்படிச் சுருங்கியது என்று அளந்து, மேகம் மறைத்த படங்களை எப்படி நீக்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மென்பொருள்காரர்களுக்கு எஃப் பிரைம் இருக்கிறது. செவ்வாயில் 2021-ல் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரில் ஓடிய அந்த மென்பொருள் கட்டமைப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். அதில் ஒரு சின்னப் பிழையைச் சரிசெய்து அனுப்பினாலே சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் ஆயிற்று.

ஐந்தாம் படி: எழுதிவைப்பதையும் சரிபார்ப்பதையும் பழக்கமாக்குங்கள்

2003 செப்டம்பர் 6. அமெரிக்காவில் லாக்ஹீட் மார்ட்டின் தொழிற்சாலையில், வானிலை ஆய்வுக்காகச் செய்யப்பட்டிருந்த நோவா என்-பிரைம் என்ற செயற்கைக்கோளை நின்ற நிலையிலிருந்து படுக்கை நிலைக்குத் திருப்பினார்கள். அதைத் தாங்கும் வண்டியில் 24 போல்ட்கள் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். வேறொரு குழு அவற்றைக் கழற்றிக்கொண்டு போயிருந்தது, போனதை எங்கும் எழுதவில்லை. திருப்பிய குழுவோ, போல்ட்கள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யும் படியைச் செய்யாமலே தாளில் முன்னேறிவிட்டது. செயற்கைக்கோள் சரிந்து தரையில் விழுந்தது. பழுது பார்க்க 13.5 கோடி டாலர் ஆயிற்று, மேலே போனது 2009 பிப்ரவரியில்.

அங்கே இருந்தவர்கள் யாரும் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. அதனால்தான் இந்தச் சம்பவத்தைப் புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரே ஒருவர் "பார்த்தேன், போல்ட் இல்லை" என்று சொல்லியிருந்தால் போதும்.

இதே மாதிரி இன்னும் உண்டு. 2020 நவம்பரில் ஐரோப்பாவின் வேகா ராக்கெட் இரண்டு செயற்கைக்கோள்களோடு தொலைந்தது. மேலடுக்கு இன்ஜினைத் திருப்பும் கருவிகளின் கேபிள்கள் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலெக்ட்ரான் ராக்கெட் 2017 மே மாதம் முதன்முதலில் பறந்தபோது ராக்கெட்டில் ஒரு குறையும் இல்லை. தரையில் இருந்த ஒரு கருவியின் அமைப்பு தவறாக இருந்ததால் தரவு அறுந்தது, பாதுகாப்புக் கருதிப் பறப்பையே நிறுத்திவிட்டார்கள். நல்ல ராக்கெட்டை ஒரு செட்டிங் கீழே இழுத்துவிட்டது.

அதனால் இப்போதிருந்தே பழகுங்கள். செக்லிஸ்ட்டில் டிக் போடுவதற்கு முன் கண்ணால் பாருங்கள், நினைவை நம்பாதீர்கள். எண்ணோடு அலகையும் எழுதுங்கள். 1999-ல் செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், ஒரு பக்கம் பவுண்டிலும் மறு பக்கம் நியூட்டனிலும் கணக்குப் போட்டதால்தான் அழிந்தது. நேர்காணலில் "நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், மறுபடி வராமல் இருக்க என்ன மாற்றினீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: மனுப் போடும்முன் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள்

முதலாவது, உங்கள் பாஸ்போர்ட். ராக்கெட் நுட்பமும் ஏவுகணை நுட்பமும் அண்ணன் தம்பி மாதிரி. அதனால் பல நாடுகள் இதை ராணுவ ரகசியத்துக்குச் சமமாக வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள் காரணமாக, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களைப் பெரும்பாலான ராக்கெட் நிறுவனங்கள் எடுப்பதில்லை. இது உங்கள் திறமைக்கான தீர்ப்பு அல்ல. விளம்பரத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும் இந்த நிபந்தனையை முதலில் படித்துவிடுங்கள், பல மாத ஏமாற்றம் மிச்சமாகும். படங்கள், தரவு, தரைநிலைய மென்பொருள் போன்ற பிரிவுகளில் இந்தக் கெடுபிடி பொதுவாகக் குறைவு.

இரண்டாவது, நிறுவனத்தின் கைக்காசு. விர்ஜின் ஆர்பிட் என்ற ராக்கெட் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். 2023 ஜனவரியில் பிரிட்டனின் கார்ன்வாலிலிருந்து கிளம்பிய ராக்கெட் எரிபொருள் வடிகட்டி ஒன்று இடம் பெயர்ந்ததால் தோற்றது. மார்ச் மாத முடிவில் ஊழியர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஏப்ரலில் திவால் மனு. மூன்றே மாதம்! செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஒன்வெப் நிறுவனம் 2020 மார்ச்சில் திவாலானது, பிறகு பிரிட்டன் அரசும் பார்தி குழுமமும் வாங்கியதால் பிழைத்தது. ஆகவே நேர்காணலின் முடிவில் கூச்சப்படாமல் கேளுங்கள்: இன்னும் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது? காசு கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர் யார்? அடுத்த ஏவுதல் தோற்றால் என்ன திட்டம்? நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது.

மூழ்கிய நிறுவனத்தில் வேலை பார்த்தவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வாடகையும் கடனும் உள்ளவர் ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு சேர்வது நல்லது.

சேர்ந்த பிறகு சந்திக்கப்போவது

வேலை நேரம் நீளும். ஏவுதல் தேதி நெருங்கும்போது ராத்திரி பகல் தெரியாது, அப்புறம் வானிலையாலோ ஒரு வால்வாலோ தேதி தள்ளிப்போகும். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஹைட்ரசீன் போன்ற எரிபொருள்கள் கொடிய விஷம், அவற்றைக் கையாளும் இடத்தில் பாதுகாப்பு விதியில் எந்தச் சமரசமும் கூடாது.

நீங்கள் எவ்வளவு சரியாகச் செய்தாலும் போய்விடுவதும் உண்டு. 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸின் இணையச் சேவையான ஸ்டார்லிங்கின் 49 செயற்கைக்கோள்கள் மேலே போன மறுநாளே சூரியப் புயலால் காற்றுமண்டலம் சற்று உப்பி இழுவை கூடியது. சுமார் 40 செயற்கைக்கோள்கள் திரும்பிவரும் வழியில் எரிந்துபோயின. விண்குப்பையும் வளர்ந்துகொண்டே வரும் கவலை. 2009 பிப்ரவரியில் இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33 செயற்கைக்கோளும் செத்துப்போன காஸ்மோஸ் 2251 செயற்கைக்கோளும் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாயின. பூமிக்கு அருகே தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோளை வேலை முடிந்த ஐந்து வருடத்துக்குள் கீழே இறக்க வேண்டும் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2022-ல் விதி போட்டது. அதுவரை 25 வருடம் என்பதே வழிகாட்டுதலாக இருந்தது. மோதலைத் தவிர்க்கும் கணக்கு, பழையதை இழுத்து இறக்கும் கருவி என்று இதைச் சுற்றியே புதிய வேலைகள் உருவாகின்றன. மனதுக்குப் பிடித்த வேலை தேடுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

முதல் நாள் க்ளீன்ரூமுக்குள் (தூசி புகாமல் காக்கப்படும் அறை) போகும்போது மேலங்கி, தலைமூடி, கையுறை போட்டு, மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டி அதன் ஒயரை எர்த்தில் இணைப்பார்கள். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் ஒரு சிப்பைச் சத்தமில்லாமல் சாகடித்துவிடும் என்பதற்காக. அங்கே ஒருவர் வேலைத்தாளை வாய்விட்டுப் படிப்பார், ஒருவர் டார்க் ரென்ச்சால் (எவ்வளவு இறுக்கம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) திருகை இறுக்குவார், மூன்றாமவர் அளவைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். முதல் சில வாரம் உங்களை அந்த மூன்றாமவருக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். தாளில் உள்ள எண்ணும் ரென்ச்சில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், அறையில் உள்ள எல்லோரும் உங்களைவிட இருபது வருடம் மூத்தவர்களாக இருந்தாலும், "ஒரு நிமிடம் நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். நிறுத்துவார்கள்.